துண்டுக்குள் மூன்று விரல்

அந்தப் பொங்கலுக்கு மூச்சின் விலை நூற்றியொரு ரூபாய். விலை வைத்தவர் கன்னையன் முதலாளி. போடியில் ஏலக்காய் வாங்கி விற்கிறவர். விலையில்லாத சரக்கு என்று ஒன்று கிடையாது, விற்கிறவனுக்கு இன்னும் அவசரம் வரவில்லை, அவ்வளவுதான் என்று நம்பிப் பிழைத்தவர். கபாடியில் பாடிப் போகிறவன் ஒரே மூச்சில் மூன்று பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து விழுந்தால் அந்த மூச்சுக்கு நூற்றியொன்று என்று மைக்கிலேயே அறிவித்துவிட்டார். நல்ல முழுக்காய் ஒரு கிலோவும் அப்போது அதை ஒட்டித்தான் போய்க்கொண்டிருந்தது. ஆக எழுபத்தொன்பதாம் வருஷம் பிறந்தபோது மனுஷன் மூச்சும் ஏலக்காயும் ஒரே விலை. காய்க்காவது சல்லடை போட்டுத் தரம் பார்ப்பார்கள்.

அறிவித்த பிறகுதான், அப்படி மூச்சுள்ளவன் எவனும் தன் டீமில் இல்லை என்பது அவருக்கு உறைத்தது. இருந்தவன் ஒருத்தன், மொக்கச்சாமி. குரங்கணிக்கு மேலே அவருடைய தோட்டத்தில் காய் பறிக்கிறவன். ஈரக்காய் மூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு அட்டைக்கடியோடு சரிவில் ஏறி ஏறி, நெஞ்சு துருத்தி மாதிரி ஆகிப்போனவன். அவன் இப்போது கிளைச்சிறையில் இருந்தான். மடியில் பச்சைக்காய் கட்டிக்கொண்டு போனான் என்று மார்கழி நடுவில் அவனைப் போலீசில் பிடித்துக் கொடுத்தது யாரென்றால், கன்னையன் முதலாளியேதான்.

கேஸை வாபஸ் வாங்கலாமென்றால் கோர்ட்டுக்குப் பொங்கல் லீவு. புதன்கிழமைதான் திறக்கும். அரையிறுதி ஆட்டம் சனிக்கிழமை போகியன்று, இறுதி ஆட்டம் திங்கட்கிழமை மாட்டுப்பொங்கலன்று. கோர்ட்டைத் திறக்க வழி தெரியாத முதலாளி சிறையைத் திறக்கப் புறப்பட்டார்.

போடியிலிருந்து தேவாரம் போகிற ரோட்டில், புளியமர வரிசைக்குப் பின்னால் இருந்தது அந்தச் சிறை. ஓட்டுக் கட்டடம். இரண்டு அறை, நடுவில் ஒரு முற்றம், பின்புறம் வார்டர் குடியிருப்பு. வார்டர்கள் இரண்டு பேர். காசிமாயன் பொங்கலுக்கு லீவு போட்டு ஊருக்குப் போயிருந்தார். மிச்சமிருந்தவர் கோட்டைச்சாமி.

கோட்டைச்சாமி கை நீட்டாதவர். மனுப் போட்டுக் கைதியைப் பார்க்க வருகிற சொந்தக்காரர்கள் நீட்டுகிற பீடிக்கட்டைக்கூடத் தொடமாட்டார். காசு வாங்குகிறவனிடம் ஒரு சௌகரியம் உண்டு, கொடுத்ததோடு சோலி முடிந்தது. வாங்காதவனைப் பிடிக்க வேறு வழி பார்க்க வேண்டும். எதைப் பார்த்தால் அவன் போகிற வழியை மறந்து நிற்கிறான் என்று கவனிக்க வேண்டும். கோட்டைச்சாமி கபாடியைப் பார்த்தால் நின்றுவிடுவார். கைதிகளைக் காலாற நடக்க விடும் நேரத்தில் மொக்கச்சாமியை மூச்சுப் பிடித்துப் பாடச் சொல்லிக் கேட்பார். முதலில் வெறுமனே கேட்டார். அப்புறம் முற்றத்தில் கோடு கிழித்துக் கொடுத்தார். அப்புறம் எதிரே நிற்க நாலு கைதிகளைச் சேர்த்துவிட்டார். அப்புறம் சிறைக் களிக்கு மேலே அவனுக்கு மட்டும் வீட்டிலிருந்து அவித்த முட்டை வந்தது. இதில் எந்த இடத்தில் விதி உடைந்தது என்று பின்னால் விசாரணையில் கேட்டபோது, அவருக்கே சொல்லத் தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மனு நேரத்தில் முதலாளி வந்து இறங்கினார். வாசலில் சோற்றுத் தூக்கும் துணிமூட்டையுமாக ஜனம் நின்றது.

"என்ன வார்டரே, நம்ம சரக்கு எப்படி இருக்கு?"

"எந்தச் சரக்கு முதலாளி?"

"உள்ள கெடக்கே, எங்க மலைச் சரக்கு."

"பிடிச்சுக் குடுத்ததே நீங்கதான?"

"குடுத்தவன் திருப்பிக் கேக்கக்கூடாதுன்னு எந்தச் சட்டத்துல இருக்கு? அவன் மேல எனக்கென்ன பகையா? நீங்களே சொல்லுங்க. அவன் மூச்சக் கேட்டிருக்கீகள்ல?"

"கேட்டிருக்கேன்" என்றார் கோட்டைச்சாமி. சொல்லும்போது குரல் இளகியது. முதலாளிக்கு அது போதும்.

"அம்புட்டு மூச்சும் இந்தச் சுவத்துக்குள்ள வீணாப் போகுதே. ஊரு பாக்க வேணாமா?"

சுற்றிலும் காது. முதலாளி தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தன் வலது கையின்மேல் போட்டு நீட்டினார். கோட்டைச்சாமி தன் கையை உள்ளே விட்டார். மாடு வாங்கினாலும் காய் வாங்கினாலும் அந்தப் பக்கத்தில் அப்படித்தான். வாய் ஊர்க்கதை பேசும், துண்டுக்குள் விரல் விலை பேசும். பிடிக்கிற விரல் எத்தனையோ அத்தனை. அது பத்தா, நூறா, ஆயிரமா என்பதை யாரும் சொல்வதில்லை. சரக்கைப் பார்த்தாலே தெரியும்.

இங்கே சரக்கு ஒரு ஆள். அதற்கு முன்னால் யாரும் அந்தச் சரக்கைத் துண்டுக்குள் பேசியதில்லை.

"வேற என்ன, மழை தண்ணியெல்லாம் தேவலையா?" என்றபடி முதலாளி நாலு விரலைச் சேர்த்து அமுக்கினார்.

"பனிதான் சாஸ்தி" என்று சொல்லிக் கோட்டைச்சாமி மூன்று விரலைப் பிடித்தார்.

முதலாளி முகத்தைச் சுளித்தார், பெருமூச்சு விட்டார், உச்சுக் கொட்டினார். கடைசியில் போனால் போகிறது என்பதுபோல் தலையாட்டிவிட்டுத் துண்டை உருவிக்கொண்டார். கோட்டைச்சாமிக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. நாலு மணி நேரம் கேட்ட ஏலக்காய் முதலாளியை மூன்று மணி நேரத்துக்கு இறக்கிவிட்டோமே என்று. எட்டு மணிக்கு ஆட்டம், பதினொன்றுக்குள் ஆள் திரும்பிவிடும். சாயங்காலம் நாலு மணிக்குத்தான் தாசில்தார் வருவார். சிறைக்கு மேலதிகாரி அவர். பொங்கலன்று அவர் சொந்த ஊருக்குப் போயாக வேண்டும் என்பதால் கைதிகளுக்கான அரசாங்கப் பொங்கல் போகியன்றே பொங்கிவிடும். இறுதி ஆட்டத்துக்கு வேண்டுமானால் மறுபடி ஒரு துண்டு போட்டுப் பேசிக்கொள்ளலாம்.

சாயங்காலம் விஷயத்தைச் சம்சாரத்திடம் சொன்னார். ஆயம்மாள் அதே முதலாளி சரக்கு அடுக்கி வைக்கும் கிட்டங்கியில் காய் பொறுக்குகிறவள். வெடித்தது, சப்பை, நிறம் செத்தது என்று நாள் முழுக்கப் பிரித்துப் பிரித்து, மனுஷர்களையும் ஒரு பார்வையில் பிரித்துவிடுகிற கண் அவளுக்கு.

"எம்புட்டு வாங்கினீங்க?"

"ச்சீ! நான் காசு வாங்குற ஆளா?"

"பெறகு எதுக்கு விட்டீங்க?"

"ஆட்டத்துக்குத்தான்."

"காசுக்கு விட்டிருந்தாலும் ஏதோ ஆசைப்பட்டுட்டாருன்னு நெனைப்பேன். ஓசியில வேலைய அடகு வச்சிருக்கீங்க. இந்த வேலை போச்சுன்னா இந்த வீடும் போச்சு. நாம எங்க போயி ஒலை வைக்கிறது, புளியமரத்தடியிலயா?"

"மூணே மணி நேரந்தாண்டி."

"அவனைக் கேட்டீங்களா?"

"யாரை?"

"மொக்கச்சாமியத்தான். வெளிய வர்றியான்னு கேட்டீங்களா?"

"மாட்டேன்னா சொல்லப் போறான்?"

"கேக்கலைல்ல?" என்று சொல்லிவிட்டு ஆயம்மாள் கருவாட்டுக் குழம்பை இறக்கினாள்.

போகியன்று காலையில் ஊரெல்லாம் பழம்பாய் எரிந்த புகை, மலையிலிருந்து இறங்கிய பனியோடு கலந்து ரோட்டை மூடிக் கிடந்தது. முதலாளியின் ஜீப்பு ராசிங்காபுரத்தில் காய் பொறுக்குகிற பெண்களை ஏற்றிக்கொண்டு வந்து சிறைக்கு முன்னால் நின்றது. ஆயம்மாள் ஏறினாள். கோட்டைச்சாமியின் சால்வையைப் போர்த்திக்கொண்டு மொக்கச்சாமி வந்தான். கால் வைக்கும் முன்னால் நின்றான். அவனுக்கு இருபத்திரண்டு வயசிருக்கும்.

"ஐயா, யாராச்சும் பாத்துட்டா ஓடிட்டான்னு எழுதிருவாகளே."

"யாரு பாக்கப் போறா?"

"ஓடுன கேசுக்கு ஆறு மாசமாம்ல. உள்ள பேசிக்கிறாக. நானு புதங்கிழமை கோர்ட்டு தெறந்ததும் வெளிய போற ஆளு."

"நான் இருக்கேன்லடா. போயிட்டு வெரசா வந்துரு."

"நீங்க சொன்னாச் சரிதேன்" என்று ஏறிப் பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்தான். ஒருத்தி, "ஏம்ப்பா, நீயும் காய் பொறுக்கவா வர்ற?" என்றாள். இன்னொருத்தி, "அவந்தான் ஏற்கெனவே பொறுக்கிட்டானே, அதுக்குத்தானே உள்ள இருக்கான்" என்றாள். ஜீப்பு சிரிப்போடு போனது.

பதினோரு மணித் தேவாரம் பஸ்ஸின் கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டே கத்தினான். "வார்டரண்ணே! ஏலக்காய்க்காரங்க ஜெயிச்சுட்டாங்க! ஒரே மூச்சுல மூணு பேரு! விழுந்தவன் எந்திரிக்கவே இல்ல, செத்துட்டான்னு நெனைச்சோம், எந்திரிச்சுச் சிரிக்கிறான்!"

கோட்டைச்சாமி உள்ளே ஓடிக் கைதிகளிடம் சொன்னார். பத்துப் பேரும் தட்டுகளைத் தட்டினார்கள். ஒரு சிறையில் ஒருத்தன் இல்லாததை மற்றவர்கள் தட்டைத் தட்டிக் கொண்டாடியது அன்றைக்கு மட்டுமாகத்தான் இருக்கும்.

பன்னிரண்டு ஆயிற்று. ரோட்டில் கரும்புக்கட்டு வண்டிகள் போயின. ஜீப்பு வரவில்லை. களியை இறக்கி வைத்துக் கைதிகளுக்குப் போட்டார். மொக்கச்சாமியின் பங்கு தட்டில் கிடந்து தோல் கட்டியது. ஒரு மணிக்கு மேல் ஜீப்புச் சத்தம் கேட்டது. முதலாளி மட்டும் இறங்கினார். கையில் வெற்றிலைத் தாம்பாளம்.

"எடுத்துக்கங்க வார்டரே! ஜெயிச்சாச்சு!"

"ஆளு எங்க முதலாளி?"

"பத்திரமா இருக்கான். கிட்டங்கிக்குள்ள வச்சுப் பூட்டியிருக்கேன். எதிர் டீமுக்காரன் தூக்கிட்டுப் போயிருவான்ல? கறிச்சோறு போட்டாச்சு. திங்கக்கிழமை ஆட்டத்துக்கு ஒடம்பத் தேத்தணும்."

"திங்கக்கிழமையா? மூணு மணி நேரம்ல பேசினோம்!"

முதலாளி தாம்பாளத்தைத் திண்டில் வைத்தார். "மணி நேரமா? எவன் சொன்னான்? நான் நாலு நாள் கேட்டேன். சனி, ஞாயிறு, திங்க, செவ்வா. நீங்க மூணுன்னு பிடிச்சீக. செவ்வாக்கிழமை ஜெயிச்ச ஊர்வலத்துக்கு ஆளு இல்லாமப் போகுதேன்னு மனசு கஷ்டப்பட்டுத்தான் ஒத்துக்கிட்டேன்."

"நாளா? ஜெயில்ல இருந்து மூணு நாளைக்கு ஒரு ஆள எவனாச்சும் விடுவானா முதலாளி?"

"மூணு மணி நேரத்துக்கு விடுறவன் மூணு நாளைக்கு விட மாட்டான்னு நான் எப்படி நெனைக்கிறது? துண்டுக்குள்ள பேசுன பேச்சுக்குத் தலைமுறையா ஒரு மருவாதி இருக்கு. அத நீங்க கெடுக்கலாமா?"

"நாலு மணிக்குத் தாசில்தார் வர்றாரு. ஆள எண்ணுவாரு. ஒண்ணு குறைஞ்சா என் சோலி முடிஞ்சது."

முதலாளியின் முகம் தெளிந்தது. "அட, எண்ணிக்கைதானா? அத முதல்லயே சொல்லக்கூடாதா? நான் என்னமோன்னு பயந்தேன்." அவர் பதிலுக்குக் காத்திருக்காமல் ஜீப்பில் ஏறிவிட்டார்.

சிறையைப் போட்டுவிட்டுக் கோட்டைச்சாமி அந்த இடத்தை விட்டு நகர முடியாது. போடி பக்கம் திரும்பிப் போன அதே பஸ்ஸை ரோட்டில் நின்று மறித்தார்.

"மாப்ளே, கன்னையன் கிட்டங்கியில எங்க வீட்டுல இருக்கும். அவன் உள்ள பூட்டிக் கெடக்கான், எப்படியாச்சும் கொண்டான்னு சொல்லு."

"எவன்ணே?"

"சொன்னாத் தெரியும். மறந்துறாத, ஒன் காலப் பிடிக்கிறேன்."

மூன்று மணிக்கு மேல் முதலாளியின் ஜீப்பு மறுபடி வந்தது. அதிலிருந்து மூட்டை தூக்குகிற சுடலை இறங்கினான். நல்ல தடித்த ஆள், வயசு நாற்பது. தலைக்குக் குளித்து விபூதி பூசியிருந்தான்.

"முதலாளி அனுப்புனாரு. உள்ள போயி உக்காரச் சொன்னாரு. திங்கக்கிழமை வரைக்கும் எரட்டைக் கூலி."

 துரத்த வேண்டும் என்று கோட்டைச்சாமிக்குத் தெரிந்தது. ரோட்டைப் பார்த்தார், ஆயம்மாள் வரவில்லை. ஒரு ஆட்டத்துக்கு ஒருத்தனை வெளியே விட்டதை ஆசை என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு அவரிடம் பெயர் இல்லை. இருந்தும் கதவைத் திறந்தார்.

"பேரு கேட்டா என்ன சொல்லுவ?"

"சுடலைங்க."

"மொக்கச்சாமின்னு சொல்லணும்."

"மொக்கச்சாமிங்க."

"என்ன கேசு?"

"லோடு ஏத்துறதுங்க."

"காய் திருட்டு! காய் திருட்டுன்னு சொல்லுடா."

"நான் திருடலைங்களே."

"அவனுந்தான் திருடலைங்கிறான். நீ சொல்லு."

சுடலையை வரிசையின் முதலில் உட்கார வைத்து வெளியே வந்தபோது, குடியிருப்புக்குப் பின்னால் வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு ஆயம்மாள் வந்தாள். பின்னால் மொக்கச்சாமி. தலையெல்லாம் சாக்குத் தூசி, முழங்கையில் தோல் உரிந்திருந்தது.

"எப்படிக் கொண்டாந்த?"

"மத்தியானத்துல இருந்து மூட்டைக்கு நடுவுல எவனோ தும்முறான். தும்முற சரக்கு எதுடான்னு நாங்களே முழிச்சுக்கிட்டு இருந்தோம், கண்டக்டரு வந்து சொன்னான். கணக்கப்பிள்ள சாவி இல்லைன்னான். நாங்க அம்புட்டுப் பொம்பளைகளும் சேந்து நாதாங்கியப் பேத்துட்டோம்." மூச்சு வாங்கினாள். "எனக்கும் இனி அங்க சோலி இல்ல. கணக்கப்பிள்ள அப்பவே சொல்லிட்டான்."

மொக்கச்சாமி சொன்னான்: "இங்க பூட்டுனா புதங்கிழமை தெறப்பாகன்னு தெரியும்யா. அங்க எப்பத் தெறப்பாகன்னே தெரியல."

ரோட்டில் தாசில்தாரின் ஜீப்பு திரும்பியது. மொக்கச்சாமியை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தத்தான் நேரம் இருந்தது. சுடலையை வெளியே எடுக்க இல்லை.

தாசில்தார் நல்ல மனுஷர். ஊருக்குப் போகிற அவசரம். சேவகன் பொங்கல் அண்டாவை இறக்கினான். கைதிகள் வரிசையாக நின்றார்கள். அவர் முதல் ஆளிடமே வந்தார்.

"பேரு என்னப்பா?"

"மொக்கச்சாமிங்கய்யா. காய் திருட்டுங்கய்யா" என்றான் சுடலை, கேட்காததையும் சேர்த்து.

தாசில்தார் சிரித்துக்கொண்டே நகர்ந்தார். வாயால் எண்ணிக்கொண்டே போனார். கடைசி ஆளிடம் வந்தபோது பன்னிரண்டு என்றார். நின்றார். "பதினொண்ணுல்ல?" என்று கோட்டைச்சாமியைப் பார்த்துவிட்டு அந்தக் கடைசி ஆளிடம், "நீ யாரு?" என்றார்.

அவன் வார்டரைப் பார்த்தான். வார்டர் தரையைப் பார்த்தார். "மொக்கச்சாமிங்க" என்றான்.

"கேசு?"

"காய் திருட்டுன்னு சொல்றாகய்யா."

"ஒரே கேசுக்கு ரெண்டு மொக்கச்சாமியா?"

வரிசையின் அந்தக் கோடியிலிருந்து சுடலை ஒத்தாசைக்கு வந்தான். "அவரு பழைய மொக்கச்சாமிங்கய்யா. நான் முதலாளி அனுப்புன மொக்கச்சாமி."

ஒரு கைதி சிரித்தான். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

தாசில்தார் கோட்டைச்சாமியை ஆபீஸ் அறைக்குள் கூட்டிப்போய் எல்லாவற்றையும் கேட்டார். நெற்றியைத் துடைத்துக்கொண்டார்.  பிறகு குரலைத் தணித்துக்கொண்டார்.

"இந்தாய்யா, குறைஞ்சா ஒரு ரிப்போர்ட் எழுதலாம், கூடினா எப்படி எழுதுறது? அந்தத் தடியன வீட்டுக்கு அனுப்பு, அவன் அண்டா தூக்க வந்தவன். உன் மொக்கச்சாமி காலையில சுவர் ஏறி ஓடிட்டான். நீயே விரட்டிப் பிடிச்சுக் கொண்டாந்த. முழங்கையில காயம்கூட இருக்கு, பொருந்தி வருது. உனக்கு ரிவார்டுக்கு நானே எழுதுறேன். எனக்கும் பஸ்ஸுக்கு நேரமாச்சு."

கோட்டைச்சாமி ஜன்னலுக்கு வெளியே பார்த்தார். ஆயம்மாள் தோய்த்த சேலையை வேலியில் விரித்துக்கொண்டிருந்தாள். வீடு ஒற்றை அறைதான், மழைக்கு ஒழுகும், ஆனாலும் பதினாறு வருஷம் இருந்த வீடு.

"அவனுக்கு ஆறு மாசம் விழுகுமேய்யா."

"விழுகும். உனக்கு வேலை நிக்கும்."

"அவன் ஓடலைங்கய்யா."

"எனக்குத் தெரியாதா? எழுதுறதப் பத்தித்தானே பேசுறோம்."

"நான் சொல்லித்தான் ஜீப்புல ஏறினான். ஏற மாட்டேன்னுதான் நின்னான். அவனா ஓடுனான்னு என் கையால எழுத வராதுங்கய்யா. நான் அனுப்புனேன். அந்தத் தடியனையும் நாந்தான் உள்ள விட்டேன்."

"எம்புட்டு வாங்குன?"

"ஒண்ணும் வாங்கலைங்க."

"ஒண்ணுமே வாங்கலையா?" தாசில்தாருக்கு அதுதான் பெரிய குற்றமாகப் பட்டது. "பெறகு என்னத்துக்குய்யா?"

"நல்லா ஆடுவான்யா."

"நீ பாத்தியா?"

"இல்லைங்க. எனக்கு டூட்டி."

தாசில்தார் பேனாவை மூடி, மறுபடி திறந்து, சஸ்பென்ஷன் எழுதினார். கையெழுத்துப் போட்ட பிறகுதான் சிறைக்கு வேறு காவல் இல்லை என்பது அவருக்கு நினைவு வந்தது. "காசிமாயனுக்குத் தந்தி குடுக்கிறேன். அவன் வர்ற வரைக்கும் நீதான் பாத்துக்கணும். அதுக்கப்புறம் சாவியக் குடுத்துட்டுப் போயிரு" என்று சொல்லி ஜீப்பில் ஏறினார். சுடலை பின்னாலேயே ஓடி, போடி வரைக்கும் இடம் கேட்டான். அரை நாளுக்கு இரட்டைக் கூலி உண்டா என்பதுதான் அவன் கவலை.

ஆயம்மாள் வந்தாள். அண்டாப் பொங்கலைக் கரண்டியால் கிளறிப் பார்த்தாள். "வெல்லம் பத்தல" என்றாள். வீட்டிலிருந்து ஒரு அச்சு வெல்லத்தைக் கொண்டுவந்து தட்டிப் போட்டுத் தட்டுத் தட்டாக வைத்தாள்.

ஆறு மணிக்கு லாக்கப். கோட்டைச்சாமி சாவிக்கொத்தோடு வாசலில் நின்றார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். மொக்கச்சாமி கடைசியாக வந்தான்.

"மூணாவது ஆளு என் கணுக்கால பிடிச்சுட்டான்யா. அப்படியே இழுத்துக்கிட்டு வந்து கோட்டுல விரல வச்சேன். நீங்க பாத்திருக்கணும்."

"மூச்சு விட்டுட்டியா?"

"விடலைய்யா. கோட்டத் தொட்டுட்டுத்தேன் விட்டேன்."

"சரி, உள்ள போ."

கதவைப் பூட்டினார். கம்பியை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். வழக்கம்போல் சத்தமாக எண்ணினார். அன்றைய இருப்பு: கைதிகள் பதினொன்று. கூடுதல் இல்லை, குறைவு இல்லை. வார்டர் ஒன்று, காசிமாயன் வந்து சேரும் வரைக்கும்.